கேரவனில் ஊருக்குப் போகிறவர்களும் ஊரை விட்டு ஓடுகிறவர்களும்

வேலையை விட்டுவிட்டு, ஒரு வேனையே வீடாக மாற்றிக்கொண்டு, கணவனும் மனைவியுமாக ஊர் சுற்றக் கிளம்புகிறவர்களின் காணொளிகள் நம் கைப்பேசிகளில் ஓயாமல் ஓடுகின்றன. வண்டிக்குள் கட்டில், சின்ன அடுப்பு, தண்ணீர்த் தொட்டி, கூரையில் சோலார் தகடு. காட்டுச் சாலையில் வண்டியை ஓரங்கட்டி டீ போடுகிறார்கள். தூரத்தில் யானை கடந்து போகிறது. அடுத்த பகுதியில் தாத்தா பிறந்த ஊர். இடிந்த ஓட்டு வீட்டின் திண்ணையைத் தடவிப் பார்க்கிறார்கள், கோயில் குளத்தில் கால் நனைக்கிறார்கள், "நீ இன்னாரு பேரனாச்சே" என்று ஒரு பாட்டி அடையாளம் கண்டு கண்கலங்குகிறார். பின்னணியில் புல்லாங்குழல்.

கேரள அரசு 2021இல் இதற்கென்றே தனிக் கொள்கை அறிவித்தது. வண்டி வாங்குகிறவர்களுக்கு மானியம், வாகமண்ணில் வண்டிகள் தங்குவதற்கு ஒரு பூங்கா என்று வேலையும் நடந்தது. நம் பக்கமும் ஒருநாள் வரும். வரட்டும். இந்தக் காணொளிகளைப் பகிர்ந்து "வாழ்ந்தா இப்படி வாழணும்" என்று எழுதுகிறவர்களில் நம் தோழர்கள் பலர் இருக்கிறார்கள். கூட்டத்துக்கு வருகிறவர்கள், அம்பேத்கரைப் படிக்கிறவர்கள். அவர்களோடு கொஞ்சம் சண்டை போடத்தான் இதை எழுதுகிறேன்.

எத்தனையோ மணிநேரம் இவற்றைப் பார்த்துவிட்டேன். வழியெங்கும் அந்தத் தம்பதியிடம் ஆயிரம் கேள்விகள் கேட்கிறார்கள். வண்டி என்ன விலை, மைலேஜ் எவ்வளவு, குளிக்க எங்கே போவீர்கள், பயமாக இல்லையா. ஒரே ஒரு கேள்வி மட்டும் எந்தக் காணொளியிலும் வருவதில்லை. நம்மிடம் அது எப்படி வரும் என்று உங்களுக்குத் தெரியும்.

"தம்பி எந்த ஊரு?"

"மேல்பட்டாம்பாக்கம்ங்க."

"மேல்பட்டாம்பாக்கத்துல எங்க?"

முதல் கேள்வி ஊரைக் கேட்பது. இரண்டாவது கேள்வி சாதியைக் கேட்பது. பேருந்து நிறுத்தம் பக்கம், ரயிலடி பக்கம் என்று நாம் சுற்றி வளைப்போம். அவரும் விடாமல் எந்தத் தெரு, யார் வீட்டுப் பிள்ளை என்று வந்துகொண்டே இருப்பார். பதில் கிடைத்ததும் அவர் முகத்தில் ஒரு மாற்றம் தெரியும். சமூகவியல் முதுகலையில் 'சாதியும் வெளியும்' என்று ஒரு தாளே படித்தேன். அந்த முக மாற்றத்தைப் பற்றி அதில் ஒரு வரியும் இல்லை.

தமிழில் 'ஊர்' என்ற சொல்லே நம்மைச் சேர்த்துக்கொண்டு சொல்லப்பட்டதில்லை. ஊர் வேறு, சேரி வேறு. ஊருக்குள் போகிறேன் என்று நம் பாட்டிகள் சொன்னது சேரியிலிருந்து கிளம்பி, வேலி தாண்டி, கூலி வேலைக்குப் போவதை. பிறந்த இடத்திலிருந்தே 'ஊருக்கு'ப் போக வேண்டியிருந்தவர்களுக்குச் 'சொந்த ஊர்' என்ற சொல் எப்படி இனிக்கும்? 2024இல் 'மெய்யழகன்' வந்தபோது நம் தோழர்களே அழுதுவிட்டு வந்தார்கள். நானும் சில இடங்களில் நெகிழ்ந்தேன், பொய் சொல்லவில்லை. ஆனால் விட்டுவந்த ஊர் இருபது வருடம் கழித்தும் கையை நீட்டிக் கட்டிக்கொள்ள வேண்டுமென்றால், அது முதலில் உங்களை உள்ளே விட்டிருக்க வேண்டும். 1948 நவம்பர் 4 அன்று அரசியல் நிர்ணய சபையில் கிராமத்தை வைத்தா நாட்டைக் கட்டப் போகிறீர்கள் என்று கேட்டு, கிராமம் என்பது அறியாமையும் குறுகிய புத்தியும் தேங்கிய குட்டை என்ற பொருளில் அம்பேத்கர் பேசியதை இன்றும் சிலர் கோபத்தில் பேசிய பேச்சாகவே பார்க்கிறார்கள். கணக்குப் போட்டுப் பேசிய பேச்சு அது. 2025 ஏப்ரலில் தமிழக அரசு 'காலனி' என்ற சொல்லை ஆவணங்களிலிருந்து நீக்குவதாக அறிவித்தது. நல்லதுதான். சொல் போய்விடும். பெயர்ப்பலகை மாறிய தெருவைப் பார்த்து "அந்தத் தெருவா?" என்று கேட்கிற வாய் எங்கேயும் போகாது.

'கேரவன்' ஏறிப் பழைய ஊர்களைத் தேடிப் போகும் இந்தத் தம்பதி எதைத் தூக்கிக்கொண்டு போகிறார்கள் என்று பார்த்தீர்களா? மடக்கு நாற்காலி, காபிப் பொடி, ட்ரோன் கேமரா. இன்னொரு தம்பதி எதைத் தூக்கிக்கொண்டு போனார்கள் என்று சொல்கிறேன். பெயரும் வருடமும் சொல்ல மாட்டேன். பையன் நம் சமூகம், பெண் வேறு. ஒரு துணிப்பையில் பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியல், பிறப்புச் சான்று, ஆதார் நகல், சாதிச் சான்றிதழ், ஆளுக்கு இரண்டு துணி. சாதிச் சான்றிதழ் எதற்கு என்று அந்தப் பெண் கேட்டார். வழக்கு வந்தால் எந்தப் பிரிவில் போடுவது என்பதை அதுதான் முடிவு செய்யும் என்று வழக்கறிஞர் சொல்லியிருந்தார். சொந்த ஊரின் பேருந்து நிறுத்தத்தில் ஏறக் கூடாது. அடுத்த ஊரிலும் கூடாது, அங்கே பெண்ணின் சித்தப்பா கடை வைத்திருக்கிறார். மூன்றாவது ஊரில், தனித்தனியாக, ஆளுக்கொரு கதவில் ஏற வேண்டும். கைப்பேசியை அணைத்துவிட வேண்டும். சன்னல் ஓரம் உட்காரக் கூடாது. இவர்களும் காடுகள் வழியாகப் போனார்கள், பழைய ஊர்கள் வழியாகப் போனார்கள். விழுப்புரம் தாண்டும்வரை ஒருவரையொருவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

இது பழைய கதை இல்லையா, இப்போதெல்லாம் யார் பார்க்கிறார்கள் என்று கேட்கும் தோழருக்கு: நம் மாவட்டத்தின் பெயரே இந்தப் பட்டியலில் பெரிய எழுத்தில் இருக்கிறது.

விருத்தாசலம் பக்கத்துப் புதுக்கூரைப்பேட்டை. முருகேசன் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் வேதிப் பொறியியல் படித்த தலித் இளைஞர். கண்ணகி அதே ஊரின் வன்னியர் பெண், பட்டதாரி. 2003 மே மாதம் கடலூர் பதிவு அலுவலகத்தில் கல்யாணத்தைப் பதிவு செய்தார்கள். சட்டப்படி இருவரும் வயது வந்தவர்கள், கணவன் மனைவி. நாட்டின் எந்தச் சாலையிலும் எந்த வண்டியிலும் போகலாம். அவர்களால் போக முடிந்ததோ மூங்கில்துறைப்பட்டில் ஓர் உறவினர் வீடு வரைதான். அவ்வளவுதான் அவர்களுடைய தேனிலவுப் பயணம். பெண்ணின் வீட்டார் முருகேசனைப் பிடித்து, அவர் மூலமாகவே கண்ணகி இருக்கும் இடத்தைக் கண்டுபிடித்து, திரும்ப ஊருக்குக் கொண்டுவந்தார்கள். ஜூலை 8 அன்று ஊர்ச் சுடுகாட்டில் வைத்து இருவருக்கும் காதிலும் மூக்கிலும் விஷம் ஊற்றிக் கொன்று எரித்தார்கள்.

வழக்கு எவ்வளவு தூரம் பயணம் செய்தது என்றும் பாருங்கள். உள்ளூர் போலீஸ் முருகேசனின் உறவினர்களையும் சேர்த்தே குற்றவாளிகளாக்கியது. போராடித்தான் சிபிஐ விசாரணைக்குப் போனது. 2021 செப்டம்பர் 24 அன்று கடலூர் நீதிமன்றம் 13 பேருக்குத் தண்டனை கொடுத்தது, அதில் இருவர் போலீஸ் அதிகாரிகள். மேல்முறையீடுகளை உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்தது 2025 ஏப்ரலில். 22 வருடம் ஆனது. அந்தக் கொலை நடந்தபோது பிறந்த குழந்தை இப்போது கல்லூரி முடித்திருக்கும். இதைப் படித்துக்கொண்டிருப்பவர்களில் சிலர் அப்படிப் பிறந்தவர்களாகவே இருப்பீர்கள்.

கவினை எடுத்துக்கொள்ளுங்கள். ஏரல் பக்கத்து ஆறுமுகமங்கலம், சென்னையில் மென்பொருள் வேலை. 2025 ஜூலை 27 அன்று பாளையங்கோட்டையில் வெட்டிக் கொல்லப்பட்டார். காதலித்த பெண்ணின் தம்பி குற்றம் சாட்டப்பட்டவர். பெண்ணின் பெற்றோர் இருவரும் போலீஸ் உதவி ஆய்வாளர்கள். வழக்கு நடந்துகொண்டிருக்கிறது. கவினின் மரணத்தில் என்னை உலுக்கிய விஷயம் ஒன்றுண்டு. சென்னையில் அவர் ஆண்டுக்கணக்கில் உயிரோடு, பத்திரமாக, நல்ல சம்பளத்தோடு இருந்தார். விடுமுறைக்குத் தென்பக்கம் வந்தார், தாத்தாவைச் சிகிச்சைக்கு அழைத்துக்கொண்டு போனார். ஊருக்குப் போவது என்று காணொளிகள் எதைக் கொண்டாடுகின்றனவோ, அதைச் செய்தபோதுதான் செத்தார்.

"சாதி பார்ப்பது மனசில்தான், சாலை எல்லாருக்கும் பொதுதானே?" இப்படிக் கேட்பவர்கள் ஒரு சட்டத்தைத் திறந்து பார்க்க வேண்டும். 1989 வன்கொடுமைத் தடுப்புச் சட்டம், 2015இல் திருத்தப்பட்டது. திருத்தம் 2016 ஜனவரி 26 முதல் நடைமுறையில் இருக்கிறது. தலித்தோ பழங்குடியினரோ பொது இடத்தில் சைக்கிளோ மோட்டார் சைக்கிளோ ஓட்டுவதைத் தடுப்பது, செருப்பு அணிவதைத் தடுப்பது, புதுத்துணி உடுத்துவதைத் தடுப்பது, கல்யாண ஊர்வலத்தில் குதிரையிலோ வேறு வண்டியிலோ ஏறுவதைத் தடுப்பது குற்றம் என்று பிரிவு 3(1)(za) சொல்கிறது. செவ்வாய்க்கு விண்கலம் அனுப்பிய பிறகு இந்த நாட்டின் நாடாளுமன்றம் உட்கார்ந்து 'சைக்கிள்' என்ற சொல்லைக் குற்றவியல் சட்டத்தில் சேர்த்தது. காரணம் இல்லாமலா சேர்த்தார்கள்?

பேருந்துக்கும் இதே கதைதான். 1997இல் விருதுநகர் மாவட்டத்தில் ஒரு அரசுப் போக்குவரத்துக் கழகத்துக்கு வீரன் சுந்தரலிங்கம் பெயரைச் சூட்டினார்கள். அந்தப் பெயர் எழுதிய பேருந்தில் ஏற மாட்டோம் என்று ஆதிக்க சாதியினர் மறியல் செய்தார்கள், கலவரம் வெடித்தது, உயிர்கள் போயின. அரசு என்ன செய்தது? எல்லாத் தலைவர்களின் பெயரையும் எல்லாப் போக்குவரத்துக் கழகங்களிலிருந்தும் மாவட்டங்களிலிருந்தும் நீக்கிவிட்டது. நாம் பக்கத்தில் உட்கார்ந்தால் மட்டுமல்ல, நம்மவர் பெயரைத் தாங்கிய தகரத்துக்குள் உட்கார்ந்தாலே தீட்டு. அதற்கு ஓர் அரசே பணிந்தது.

சாலைப் பயணம் என்பது நமக்கு ஓய்வு நாள் பொழுதுபோக்காக என்றைக்குமே இருந்ததில்லை, போராட்டமாகத்தான் இருந்திருக்கிறது. 1893இல் திருவிதாங்கூரின் வெங்ஙானூரில் அய்யன்காளி ஒரு வில்வண்டி வாங்கினார். காளை பூட்டி, மணி கட்டி, தலைப்பாகை அணிந்து, புலையர் நடக்கக் கூடாத பொதுச் சாலையில் ஓட்டிக்கொண்டு போனார். அடிக்க வந்தார்கள். திருப்பி நின்றார். கேரளத்தின் முதல் கேரவன் பயணம் எது என்று சுற்றுலாத்துறை கேட்டால் அதைச் சொல்லுங்கள்.

அம்பேத்கரின் வாழ்க்கையில் வண்டி திரும்பத் திரும்ப வருகிறது. 'விசாவுக்காகக் காத்திருத்தல்' படிக்காதவர்கள் இன்றே படியுங்கள், சின்னப் புத்தகம்தான். 1901இல் சின்னப் பையனாக, அப்பாவைப் பார்க்க நல்ல உடை உடுத்தி ரயிலில் போகிறார், கூட அண்ணனும் உறவுப் பிள்ளைகளும். மசூர் நிலையத்தில் இறங்கியதும் மகர் என்று தெரிந்த நொடியில் நிலைய அதிகாரியின் முகம் மாறுகிறது. இரட்டிப்புக் கூலி தருகிறோம் என்றும் மாட்டு வண்டிக்காரர்கள் மறுக்கிறார்கள். கடைசியில் ஒருவர் ஒப்புக்கொள்கிறார், பிள்ளைகளே வண்டியை ஓட்ட வேண்டும், அவர் கூட நடந்து வருவார் என்ற நிபந்தனையோடு. கூடையில் சாப்பாடு இருந்தது. குடிக்கத் தண்ணீர் தர ஆளில்லை. சாப்பிடாமலேயே அந்த இரவு கழிந்தது. 1929இல் அவர் பாரிஸ்டர், அரசு விசாரணைக் குழு உறுப்பினர். சாளிஸ்காவில் அப்போதும் குதிரை வண்டிக்காரர் எவரும் அவரை ஏற்றவில்லை. வண்டி ஓட்டிப் பழகாத நம்மவர் ஒருவர் ஓட்ட, பாலத்தில் வண்டி தூக்கி எறிந்து கால் முறிந்தது. அந்த வண்டிக்காரர்கள் ஏழைகள். அவர் வெளிநாட்டில் படித்த வழக்கறிஞர். 'பணம் வந்தால் சாதி போய்விடும், நாமும் ஒரு வண்டி வாங்குவோம்' என்கிற தோழர்கள் அந்தப் பாலத்தில் கொஞ்ச நேரம் நிற்கலாம்.

அமெரிக்கக் கறுப்பின மக்களுக்கு இது நன்றாகவே புரியும். கார் வாங்கிவிட்டார்கள், ஆனால் எந்த ஊரில் பெட்ரோல் போடுவார்கள், எந்த விடுதியில் அறை தருவார்கள், எந்த ஊரிலிருந்து பொழுது சாய்வதற்குள் வெளியேற வேண்டும் என்று தெரியாமல் வண்டியை எடுக்க முடியாது. நியூயார்க்கின் விக்டர் ஹ்யூகோ கிரீன் என்ற தபால்காரர் 1936இல் ஒரு கையேடு போட்டார். நம்பி இறங்கக்கூடிய விடுதிகள், உணவகங்கள், முடிதிருத்தகங்கள் எல்லாம் ஊர்வாரியாக அதில் இருக்கும். 'கிரீன் புக்' என்று பெயர். முப்பது வருடம் வந்தது. நம்மிடம் அச்சடித்த கையேடு இல்லை. அம்மா வாய்மொழியாகச் சொல்வாள்: "அந்த ஊர்ல எறங்காத, பக்கத்து ஊர்ல எறங்கி மாமா வீட்டுக்குப் போன் பண்ணு." அதுதான் நம் பச்சைப் புத்தகம்.

இனி காடு. காணொளித் தம்பதிக்குக் காடு என்றால் மௌனம், பனி, தேயிலைச் சரிவு. திருநெல்வேலிக்காரர்களைக் கேட்டால் மணிமுத்தாறு சோதனைச்சாவடி தாண்டி மாஞ்சோலைக்குப் போகச் சொல்வார்கள், அவ்வளவு அழகு. அந்த அழகை யார் நட்டது? 1929இல் சிங்கம்பட்டி ஜமீனிடமிருந்து 99 வருடக் குத்தகைக்கு எட்டாயிரம் ஏக்கருக்கும் மேல் காட்டை எடுத்தது பம்பாய் பர்மா நிறுவனம். அட்டைப் பூச்சிக்கும் குளிருக்கும் நடுவே காட்டைத் திருத்தித் தேயிலை வைத்தவர்கள் அடிவாரத்து நிலமற்ற கூலிகள், பெரும்பகுதி தலித்துகள். தலைமுறை தலைமுறையாக அங்கேயே பிறந்து அங்கேயே புதைக்கப்பட்டார்கள். கூலி உயர்வு கேட்டும் சிறையிலிருந்த தோழர்களை விடுவிக்கக் கேட்டும் 1999 ஜூலை 23 அன்று நெல்லை ஆட்சியர் அலுவலகத்துக்கு ஊர்வலம் போனபோது, போலீஸ் தாமிரபரணிக்குள் விரட்டி அடித்தது. இரண்டு பெண்கள், ஒரு குழந்தை உட்பட 17 பேர் செத்தார்கள். மலையிலிருந்து இறங்கி மாவட்டத் தலைநகர் வரை அவர்கள் போன பயணம் அங்கே முடிந்தது.

குத்தகை 2028இல் முடிகிறது, காடு புலிகள் காப்பகத்துக்குள் இருக்கிறது. 2024இல் நிறுவனம் விருப்ப ஓய்வுக் காகிதத்தில் கையெழுத்து வாங்கிக்கொண்டு வீட்டைக் காலி செய்யச் சொன்னது. தோட்டத்தை அரசே எடுத்து நடத்த வேண்டும் என்ற கோரிக்கையை மதுரைக் கிளை அந்த டிசம்பரில் ஏற்கவில்லை. வேலை போனால் லயன் வீடும் போகும் என்பதுதான் தோட்ட விதி. நூறு வருடம் வாழ்ந்தவர்களுக்கு ஒரு பட்டா கிடையாது. நாளைக்கு அந்தப் பிள்ளைகள் தங்கள் பழைய ஊரைப் பார்க்க வேண்டுமென்றால் சோதனைச்சாவடியில் சுற்றுலாப் பயணியாக நின்று அனுமதி கேட்க வேண்டும். கேரவன்காரர்களுக்கு முன்னாலோ பின்னாலோ, அதே வரிசையில்.

காட்டைக் காக்கிறோம் என்று சொல்லி இதைத் தாண்டிப் போக முடியாது. புலி வாழ வேண்டும், எனக்கும் ஆசைதான். பயணி காட்டுக்குள் வரும்போது வழிகாட்டுகிற அதே வனத்துறைதான் 1992 ஜூன் 20 அன்று சந்தனக்கட்டை தேடுகிறேன் என்று போலீஸ், வருவாய்த்துறை ஆட்களோடு வாச்சாத்திக்குள் புகுந்தது. 18 பெண்கள் பாலியல் வன்கொடுமைக்கு ஆளானார்கள். 2011இல் உயிரோடிருந்த 215 பேரும் குற்றவாளிகள் என்று தருமபுரி நீதிமன்றம் சொன்னது. 2023இல் உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது. காட்டின் கதவு யாருக்கு எப்படித் திறக்கிறது என்பதற்கு இதைவிடப் பெரிய ஆவணம் எனக்குத் தெரியவில்லை.

நம் வீட்டுப் பக்கத்துக்கு வருவோம். நெய்வேலி. 1956இல் நிறுவனம் தொடங்கி, 1957 மே மாதம் நேரு வந்து சுரங்கப் பணியைத் தொடக்கி வைத்தார். எண்ணெழுதிய வட்டங்கள், மரம் நிழல் போடும் அகலச் சாலைகள் என்று நகரியம் வந்தது. கேரவனை நிறுத்திப் படம் எடுக்க ஏற்ற சாலைகள்தான். அந்தச் சாலைக்குப் பக்கத்தில் தோண்டிய பள்ளத்தில் ஊர்கள் போயின. இடிந்த வீட்டின் திண்ணையைத் தடவிப் பார்க்கிற காட்சி இங்கே எடுக்க முடியாது. திண்ணை இருந்த இடம் இப்போது ஆகாயம், கீழே இயந்திரம் ஓடுகிறது.

நிலம் வைத்திருந்தவருக்குக் குறைவோ நிறைவோ இழப்பீடு என்று ஒரு வார்த்தை இருந்தது. வேலை கேட்டு மறியல் செய்ய அவர் கையில் பட்டா இருந்தது. அந்த நிலத்தில் நாற்று நட்டு, களை எடுத்து, அறுவடைக்குக் கூலி வாங்கியவரின் கையில் அரிவாள் மட்டும்தான் இருந்தது. நிலம் போனபோது அவருடைய வேலையும்தானே போனது? எந்தப் படிவத்தில் அதற்குக் கட்டம் இருந்தது? 2023 ஜூலை 26 அன்று வளையமாதேவியில் விளைந்து நின்ற நெல்லின் மீது இயந்திரம் இறங்கியதை நாடே பார்த்துப் பதறியது. சரியான பதற்றம். அடுத்த இரண்டு நாளில் கட்சிகள் வந்தன, கல்வீச்சு வந்தது. விவசாயியின் கண்ணீர் எல்லாத் தொலைக்காட்சியிலும் ஓடியது. அந்த வயலில் அறுப்புக்குப் போகவிருந்த பெண்களிடம் யாராவது ஒலிவாங்கி நீட்டினார்களா என்று தேடிப் பார்த்தேன். நான் பார்த்த வரையில் இல்லை. சுரங்கத்துக்கு எதிரான போராட்டத்தில் நாம் இருக்கிறோம், இருப்போம். நமக்கு இழப்பு ஏற்பட்டது என்று நாமேதான் சொல்ல வேண்டியிருக்கிறது.

இவ்வளவும் சொன்னால் ஒரு மறுப்பு வரும். "அப்போ யாருமே ஊர் சுற்றக் கூடாதா? ரெண்டு பேர் சந்தோஷமா இருந்தா உங்களுக்கு ஏன் எரியுது?" எனக்கு எரியவில்லை தோழர். நம் பிள்ளைகள் வண்டி எடுத்துக்கொண்டு போக வேண்டும், வால்பாறையில் நின்று டீ குடிக்க வேண்டும், மனைவியின் தோளில் கை போட்டுக்கொண்டு படம் எடுக்க வேண்டும். எனக்கும் ஒரு பட்டியல் இருக்கிறது, முதலில் சித்தேரி மலை. என் சண்டை வேறு. சாலை எல்லாருக்கும் ஒன்றுதான், துணிச்சல் இருந்தால் போதும், 'வேலையை விடு, கிளம்பு' என்று அந்தக் காணொளிகள் சொல்லித் தருகிற பாடத்தோடுதான் என் சண்டை. வண்டியை எங்கே வேண்டுமானாலும் ஓரங்கட்டித் தூங்குவதற்குத் துணிச்சல் போதாது, கேள்வி கேட்கப்படாத ஒரு சாதி வேண்டும். அதை அவர்கள் பெட்டியில் வைத்து எடுத்துப் போகவில்லை, அதனால் அது இருப்பதே அவர்களுக்குத் தெரியவில்லை. நமக்கும் தெரியாமல் போய்விட்டால், சாதி மறுத்துக் கல்யாணம் செய்துகொண்டு கிளம்பும் நம் தம்பி தங்கைகளை "தைரியமா போங்க" என்று வழியனுப்பிவிட்டு நாமும் வீட்டுக்கு வந்துவிடுவோம்.

அவர்களுக்குத் தைரியம் ஏற்கெனவே இருக்கிறது. தேவைப்படுவது பூட்டு போட்ட ஒரு அறை.

2018 மார்ச் 27 அன்று சக்தி வாகினி வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொன்னது. ஒவ்வொரு மாவட்டத்திலும் காவல் கண்காணிப்பாளர், சமூக நல அலுவலர், ஆதிதிராவிடர் நல அலுவலர் மூவரும் கொண்ட தனிப் பிரிவு, 24 மணிநேர உதவி எண், இப்படிப்பட்ட இணையர் தங்க மாவட்டத் தலைநகரில் பாதுகாப்பு இல்லம். பெயரளவுக் கட்டணம், முதலில் ஒரு மாதம், தேவைப்பட்டால் மாதம் மாதமாக நீட்டித்து ஒரு வருடம் வரை. ஏழெட்டு வருடமாகக் களத்தில் வேலை செய்கிறேன். நான் கூட்டிப்போன எந்த ஜோடிக்கும் இப்படி ஓர் இல்லத்தின் சாவியை யாரும் தந்ததில்லை. காவல் நிலையத்துக்குப் போனால் முதல் வேலையாகப் பெண்ணின் அப்பாவுக்குத் தொலைபேசி போடுகிறார்கள், 'சமாதானம் பேசலாம்' என்று. விடுதிக்குப் போனால் கல்யாணப் பத்திரிகை எங்கே, ஊர் எது, ஏன் ரெண்டு பேர் ஆதாரிலும் வேறு வேறு முகவரி என்று கேள்வி. கல்யாணமாகாத இருவர் விடுதி அறையில் தங்குவதைத் தடுக்கச் சட்டமே இல்லை என்று சென்னை உயர் நீதிமன்றம் 2019 டிசம்பரிலேயே சொல்லியாயிற்று. அது வரவேற்பு மேசைக்கு இன்னும் வந்து சேரவில்லை.

பிறகு எங்கே தங்குகிறார்கள்? தோழர்கள் வீட்டில், சங்க அறையில், கட்சி அலுவலகத்தில். 2024 ஜூன் 14 அன்று நெல்லையில் மார்க்சிஸ்ட் கட்சி அலுவலகத்தில் ஒரு சாதி மறுப்புத் திருமணத்தை நடத்தியதற்காகப் பெண் வீட்டார் புகுந்து அலுவலகத்தையே நொறுக்கினார்கள். அரசு செய்ய வேண்டியதைச் செய்பவர்கள் கண்ணாடி உடைபடுகிறது. அரசோ டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி பெயரில் கலப்புத் திருமணத்துக்கு நிதியும் 8 கிராம் தங்கமும் தருகிறது. தரட்டும், வாங்கிக்கொள்வோம். ஆனால் தங்கம் வாங்க உயிரோடு இருக்க வேண்டும், விண்ணப்பத்தில் முகவரி எழுத ஒரு வீடு வேண்டும். கவின் கொலைக்குப் பிறகு 2025 அக்டோபரில் ஆணவக்கொலைத் தடுப்புச் சட்டத்துக்குப் பரிந்துரை செய்ய ஓய்வுபெற்ற நீதிபதி கே.என். பாஷா தலைமையில் ஓர் ஆணையத்தை முதல்வர் அறிவித்தார். எத்தனை வருடக் கோரிக்கை! அதையும் சும்மா விடக் கூடாது. கொன்ற பிறகு என்ன தண்டனை என்பது மட்டும் அந்தச் சட்டத்தில் இருந்தால் போதாது. கொல்லப்படுவதற்கு முந்தைய இரவு எங்கே தூங்குவது என்பதும் அதில் எழுதப்பட வேண்டும்.

எனவே கடலூர் மாவட்டத் தோழர்களுக்கு ஒரு வேலை. தகவல் உரிமைச் சட்டத்தில் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்துக்கும் காவல் கண்காணிப்பாளர் அலுவலகத்துக்கும் தனித்தனியாக விண்ணப்பம் போடுங்கள். உச்ச நீதிமன்றம் சொன்ன தனிப் பிரிவு எந்தத் தேதியில் எந்த ஆணைப்படி அமைக்கப்பட்டது? இதுவரை எத்தனை முறை கூடியது? 24 மணிநேர உதவி எண் எது, அதற்கு வந்த அழைப்புகள் எத்தனை? பாதுகாப்பு இல்லம் எங்கே இருக்கிறது, எத்தனை அறை, இன்றைய தேதிவரை எத்தனை இணையர் தங்கினார்கள், காவலுக்கு யார்? முகவரியைச் சொல்ல முடியாது என்று பதில் வந்தால் அது நியாயம்தான், ஆனால் அறைகளின் எண்ணிக்கையையும் செலவுக் கணக்கையும் சொல்லித்தான் ஆக வேண்டும். இல்லை என்று பதில் வந்தால் அந்த ஒரு வரிக் கடிதமே நமக்குப் போதும், அதை எடுத்துக்கொண்டு நீதிமன்றம் போகலாம்.

ஒரே ஆள் ஐந்து விண்ணப்பம் போடாதீர்கள், ஐந்து ஊரிலிருந்து ஐந்து பேர் போடுங்கள். பண்ருட்டி, நெல்லிக்குப்பம், வடலூர், விருத்தாசலம், சிதம்பரம். மேல்பட்டாம்பாக்கத்திலிருந்து நான் போட்டுவிட்டேன். 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி, விரைவுத் தபாலில் அனுப்புங்கள். 30 நாளில் பதில் வர வேண்டும். வராவிட்டால் மேல்முறையீட்டுக்கு என்னிடம் மாதிரி இருக்கிறது, கேளுங்கள்.